ரிச் கேக்கும் லவ் கேக்கும் அடுத்த கைக்குப் போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை பிறந்தால் போதும், டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். அம்மம்மா போட்ட ரிச் கேக், மாமி வீட்டு லவ் கேக் (ரவையும் கஜு என்கிற முந்திரிப்பருப்பும் போட்டுச் சுடுவது), இதையெல்லாம் எப்படி எழுதி வைப்பது, யாருக்குப் பழக்குவது என்று. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இலங்கைத் தமிழ் வீடுகளின் கேக்கைப் பற்றித்தான் பேசுகிறேன். தமிழ்நாட்டுப் பேக்கரிக் கேக் வேறு உலகம்.

கேக் எங்களுடைய சாப்பாடா? வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே?

கொண்டுவந்தது அவர்கள்தான், ஒத்துக்கொள்வோம். 1505இல் போர்த்துக்கீசர் வந்தார்கள், பிறகு ஒல்லாந்தர், 1796இலிருந்து ஆங்கிலேயர். லவ் கேக்கின் வேரைப் போர்த்துக்கீசரிடம்தான் பலரும் தேடுகிறார்கள். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் கிறிஸ்மஸுக்கு ஈஸ்ட் போட்ட புரூடர் என்ற கேக்கை வரிவரியான அச்சில் சுடுவார்கள். ரிச் கேக் ஆங்கிலேயரின் பழக் கேக்.

ஆனால் வந்த கேக் வந்தபடியே இருக்கவில்லை. கோதுமை மாவின் இடத்தை ரவை பிடித்துக்கொண்டது. பாதாமுக்குப் பதில் கஜு. ஏலக்காய், கறுவா, சாதிக்காய், ரோஜாப் பன்னீர் எல்லாம் உள்ளே வந்தன. நீற்றுப்பூசணியைப் பாகில் காய்ச்சிச் செய்யும் புகுல் தோசியும் சேர்ந்தது. இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு நம் வீட்டு ரிச் கேக்கைக் கொடுத்துப் பாருங்கள். தன் ஊர்க் கேக் என்று சொல்லமாட்டார். சைவ வீடுகளிலும் கலியாணம் என்றால் ரிச் கேக் துண்டு இல்லாமல் இருக்காது. முட்டையே தொடாத பெரியப்பாமார் சிலர் அந்தத் துண்டை மட்டும் கேள்வி கேட்காமல் வாயில் போட்டுக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அம்மம்மாவிடம் அளவு கேட்டால் “கண் அளவுதான் பிள்ளை” என்கிறார். எப்படி எழுதி எடுப்பது?

முக்கியமான கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அவர் மறைக்கவில்லை. அவருக்கு அளவு உண்மையிலேயே தெரியாது, கைக்குத்தான் தெரியும். கதிரையில் இருத்திவைத்து “எத்தனை கிராம்?” என்று கேட்டால், உங்களைத் திருப்திப்படுத்த வாயில் வந்த ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண்ணை நம்பிச் சுட்டால் கேக் வராது. பிறகு “அம்மம்மா எதையோ ஒளித்துவிட்டார்” என்று ஒரு கதை கிளம்பும்.

செய்ய வேண்டியது இதுதான். அவர் கேக் அடிக்கிற நாளில் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு டிஜிட்டல் தராசு வேண்டும், 1 கிராம் வரை காட்டுகிறதாக இருந்தால் நல்லது. அவருடைய கையை மறிக்க வேண்டாம். சீனிப் பையை அவர் தொடுவதற்கு முன் நிறுத்து எழுதுங்கள். அவர் தன் பாட்டில் கொட்டட்டும். கொட்டி முடிந்ததும் பையை மறுபடி நிறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் போட்டது. பட்டர், ரவை, கஜு, தேன் போத்தல், பன்னீர்ப் போத்தல் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஒவ்வொரு பிடிக்கும் நடுவில் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றால் அவருக்கு எரிச்சல் வரும், கையும் தடுமாறும். “கேக்குக்கு என்ன தராசு? உனக்கென்ன விசரே?” என்று ஒரு பேச்சும் கிடைக்கும். பையை நிறுப்பது அவர் கண்ணில் படாமலே நடந்துவிடும்.

அடுத்தது கேள்வி கேட்கும் விதம். “எவ்வளவு?” என்பதை விட்டுவிட்டு “போதும் என்று எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதில்களில்தான் உண்மையான குறிப்பு இருக்கிறது. மஞ்சள்கருவையும் சீனியையும் அடிக்கும்போது ஒரு சொட்டை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார். நெருநெருவென்று இருந்தால் இன்னும் அடிக்க வேண்டும். லேசாக மட்டும் தட்டுப்பட்டால் காணும். ரவையை வறுக்கும்போது நிறம் மாறவே கூடாது, மணம் வந்ததும் இறக்க வேண்டும். இதெல்லாம் எந்தக் கொப்பியிலும் இருக்காது. கொப்பியில் “சீனியும் முட்டையும் நன்றாக அடிக்கவும்” என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த “நன்றாக” என்பதற்குள் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது.

மூன்றாவது, பலரும் தவறவிடுவது: அடுத்த முறை நீங்கள் செய்யுங்கள், அவர் கதிரையில் இருந்து பார்க்கட்டும். தானே செய்யும்போது வாய் திறக்காத மனிசி, நீங்கள் பிழையாகச் செய்யும்போது துல்லியமாகப் பேசுவார். “அப்பிடிக் குத்தாதை, கீழையிருந்து மேலை பிரட்டு.” “இப்ப வெள்ளையைப் போடாதை, இது இன்னும் சூடு.” இந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்யுங்கள். தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்தால் போதும். அளவு முதல் நாளில் கிடைத்துவிடும். பக்குவம் இந்த இரண்டாம் நாளில்தான் கிடைக்கும்.

பழைய கொப்பியில் இறாத்தல், அவுன்ஸ், சுண்டு, பேணி என்று இருக்கிறது. எப்படி மாற்றுவது?

ஒரு இறாத்தல் 454 கிராம். அரை இறாத்தல் 227, கால் இறாத்தல் 113. ஒரு அவுன்ஸ் 28 கிராம். ஊரில் பாணை இன்றும் இறாத்தல் என்றுதான் கேட்டு வாங்குகிறோம், அதனால் அந்த எடை கைக்குப் பழகியதுதான்.

பேணி என்றால் பெரும்பாலும் ரின்பால் பேணி. அதற்குள் ஏறக்குறைய 300 மில்லி தண்ணீர் பிடிக்கும். ஆனால் உங்கள் வீட்டுப் பேணி எது என்று தெரியாமல் கணக்குப் போட வேண்டாம். அரிசி அளக்கிற சுண்டும் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். அந்தப் பாத்திரம் இன்னும் வீட்டில் கிடந்தால் (பல வீடுகளில் அரிசி வாளிக்குள் கிடக்கும்) தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பாருங்கள், 1 கிராம் தண்ணீர் 1 மில்லி. பிறகு அதே பாத்திரத்தில் ரவையை நிரப்பி அதையும் நிறுங்கள்.

கப், மேசைக்கரண்டி விஷயத்தில் இன்னொரு சிக்கல். அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, பிரித்தானியா, கனடாவில் 15 மில்லி. சிட்னி மச்சாள் எழுதி அனுப்பிய “2 மேசைக்கரண்டி பன்னீர்” லண்டனில் குறைந்துபோகும். பன்னீர் குறைந்தால் பரவாயில்லை, கூடினால்தான் சவர்க்கார மணம் வரும். மாறிப் போகும் திசையைப் பாருங்கள்.

வெப்பநிலை பரன்ஹீட்டில் இருந்தால் 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுங்கள். 300 பரன்ஹீட் என்பது 150 செல்சியஸ். பழைய பிரித்தானியக் காஸ் அடுப்பில் இலக்கம் 2 அதே சூடுதான். காற்றாடி உள்ள ஓவன் என்றால் 20 பாகை குறையுங்கள்.

“25 முட்டை” என்று இருக்கிறது. உண்மையாகவா?

உண்மைதான். ரிச் கேக்கில் மஞ்சள்கருதான் கட்டிப்பிடிக்கிற பொருள், பட்டரையும் மற்ற ஈரத்தையும் பிரியவிடாமல் வைத்திருப்பதும் அதுதான். ஆனால் அந்த 25 எந்தக் கோழியின் முட்டை என்று பாருங்கள். ஊர்க்கோழி முட்டை 40 கிராம் அளவில்தான் இருக்கும். பிரித்தானியாவில் ‘லார்ஜ்’ என்று விற்பது 63இலிருந்து 73 கிராம் வரை. எண்ணிக்கையை அப்படியே எடுத்தால் கேக் முட்டை மணத்தோடு பொருக்கென்று வரும்.

மஞ்சள்கருவைத் தனியாக நிறுப்பதுதான் வழி. ஊர்க்கோழி முட்டையின் மஞ்சள்கரு ஏறத்தாழ 14 கிராம் என்று வைத்தால் 25க்கு 350 கிராம். பெரிய முட்டையில் ஒன்று 19 கிராம் வரும், ஆக 18 போதும். கொப்பியில் “25 (ஊர் முட்டை), மஞ்சள்கரு 350 கிராம்” என்று எடையையும் சேர்த்து எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த நாட்டிலும் யாரும் குழம்ப மாட்டார்கள்.

மிஞ்சும் வெள்ளைக்கருவைக் கொட்டவேண்டாம். உறைய வைக்கலாம், மெரிங்கு சுடலாம். கலியாணக் கேக் போடுகிற வீடுகளில் அது ஐசிங்குக்குப் போய்விடும்.

லவ் கேக்குக்குத் தொடக்க அளவு ஒன்று தர முடியுமா? வீட்டில் ஒன்றுமே இல்லை.

தருகிறேன். இதை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு ஞாபகத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள்.

ரவை 225 கிராம், பட்டர் 225, சீனி 450, கஜு 250, புகுல் தோசி 225. மஞ்சள்கரு 10, வெள்ளைக்கரு 5. தேன் 2 மேசைக்கரண்டி, பன்னீர் 2 மேசைக்கரண்டி. அரைத்த ஏலக்காய் 1 தேக்கரண்டி, சாதிக்காய் அரை, கறுவாத் தூள் அரை. ஒரு தேசிக்காயின் தோல் துருவல், பச்சைத் தோல் மட்டும். வெள்ளைப் பகுதி போனால் கசக்கும்.

ரவையை லேசாக வறுத்து, சூடு இருக்கும்போதே பட்டரைச் சேர்த்துக் கிளறி இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டுவிடுங்கள். ரவை பட்டரைக் குடித்து ஊறும். ஊறாத ரவை கேக்குக்குள் மணல் மாதிரிக் கடிபடும். கஜுவைக் கத்தியால் கொத்துங்கள், மிசினில் போடாதீர்கள். மிசின் பாதியை மாவாக்கி எண்ணெய் கக்க வைக்கும், மீதியை முழுசாக விடும். கொத்திய கஜுவில் சின்னதும் பெரிதுமாக இருப்பதுதான் அழகு. மஞ்சள்கருவையும் சீனியையும் வெளிறும் வரை அடித்து, ஊறிய ரவை, கஜு, தோசி, தேன், வாசனைகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் தனியாக அடித்த வெள்ளைக்கருவை மெதுவாகப் பிரட்டிச் சேருங்கள். 25க்கு 30 சென்ரிமீற்றர் தட்டு போதும். 150 பாகையில் ஒரு மணித்தியாலம், சில ஓவனில் ஒன்றேகால்.

இப்போது முக்கியமான இடம். கத்தியைக் குத்தினால் சுத்தமாக வராது. வரவும் கூடாது. மேல் பக்கம் நன்றாகச் சிவந்து, நடுவில் விரலால் அழுத்தினால் பதிந்து எழும்ப வேண்டும், உள்ளே ஈரமாகவே இருக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் கத்தியில் ஒட்டுகிறதே என்று இன்னும் அரை மணித்தியாலம் விட்டுக் காயவைத்துவிடுவார்கள். மேல் பக்கம் சீக்கிரம் கறுத்தால் ஒயில் பேப்பரைத் தளர்வாகப் போட்டு மூடுங்கள். அன்றைக்கே வெட்ட வேண்டாம். தட்டிலேயே இரவு முழுக்க இருக்கட்டும்.

ரிச் கேக்குக்கும் இதே அளவா?

இல்லை. அது பெரிய வேலை, தனியாக நேரம் வேண்டும். சுல்தானா, பிளம்ஸ், செரி, தோடம்பழத்தோல், இஞ்சிப் பாகு, பாகில் போட்ட சௌ சௌ, தோசி எல்லாவற்றையும் பொடியாக வெட்டிப் பிரண்டியில் ஊறப்போடுவதே ஒரு குடும்பக் கூட்டம். வெட்டுகிற நாளில் யார் யார் சுற்றி இருந்தார்களோ அவர்கள்தான் அடுத்த வாரிசுகள், இதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கைகள் வேலையில் இருக்கும்போது கதையும் வரும், அளவும் வரும். கிறிஸ்மஸுக்கு என்றால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் வெட்டி ஊறவைத்துவிடுங்கள்.

ரிச் கேக் தட்டுக்குப் பத்திரிகைத் தாளை ஏன் அத்தனை மடிப்பு சுற்றுகிறார்கள்? விடலாமா?

விட வேண்டாம். 140 பாகையில் இரண்டரை, மூன்று மணித்தியாலம் நிற்கிற கேக் அது. ஓரத்தில் சூடு நேராகப் பட்டால், நடு வேகும் முன் ஓரத்துப் பிளம்ஸ் கரியாகிவிடும். பத்திரிகைத் தாள் சூட்டைத் தடுத்து மெதுவாக விடும். தாள் வெளிப்பக்கம், அதற்கு உள்ளே பட்டர் பூசிய ஒயில் பேப்பர். மை படாது. இப்போது மண்ணிறத் தாள் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தினாலும் வேலை ஒன்றுதான்.

ஓவனே இல்லாமலும் இதைச் செய்திருக்கிறார்கள். 1990இலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் சீனியும் மாவும் எட்டாத விலை. அப்போதும் பிறந்தநாளுக்குக் கேக் இருந்தது. பெரிய கிடாரத்துக்குள் மணலைப் பரப்பி, அதில் தட்டை வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் கொட்டிக் கீழும் மேலும் சூடு கொடுத்தார்கள். தணல் எத்தனை தடவை மாற்றுவது, எப்போது கீழ் நெருப்பை இழுப்பது என்பதெல்லாம் அந்தத் தலைமுறைக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அப்படிச் சுட்டவர் ஒருவர் இருந்தால் கேக் அளவைவிட முதலில் இதைக் கேட்டுப் பதிந்து வையுங்கள். அளவை வேறு யாரிடமும் வாங்கலாம்.

வெளிநாட்டில் புகுல் தோசிக்கு எங்கே போவது?

இலங்கைக் கடைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் வட இந்தியக் கடையில் ‘பேட்டா’ என்று கேளுங்கள். ஆக்ராவில் பேர்போன இனிப்பு, அதுவும் நீற்றுப்பூசணிதான். தோசியைவிடக் கொஞ்சம் மொறுமொறுப்பு, பொடியாக வெட்டினால் வித்தியாசம் தெரியாது. குங்குமப்பூ, கேவ்ரா வாசனை போட்டதை வாங்காதீர்கள், வெள்ளையாக இருப்பதே போதும்.

ரவை மெல்லியதாக இருக்க வேண்டும். உப்புமாவுக்கு எடுக்கிற பெரிய ரவை சரிவராது. இலங்கைக் கறுவாவையே வாங்குங்கள், கனடாவில் கறுவா என்ற பெயரில் பெரும்பாலும் விற்பது தடித்த பட்டையான கசியா. அதன் காரம் பன்னீரை அமுக்கிவிடும். பட்டர், பழைய அளவுகள் பலவும் உப்புப் பட்டரை வைத்து எழுதியவை. உப்பில்லாத பட்டர் எடுத்தால் ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள்.

இரண்டு சித்திமாரிடம் இரண்டு அளவு இருக்கிறது. இரண்டு பேரும் “அம்மா இப்படித்தான் செய்தவ” என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அம்மம்மா 1960களில் செய்தது ஒன்று, சீனி தட்டுப்பாடான காலத்தில் செய்தது இன்னொன்று. மூத்த மகள் கலியாணம் கட்டிப் போகும்போது கண்டதும் கடைக்குட்டி கண்டதும் ஒரே கேக்காக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒருவர் பட்டர் என்பார், மற்றவர் மாஜரின் என்பார். வீட்டில் பணம் எப்போது இருந்தது என்பதைத்தான் இரண்டு பேரும் சொல்கிறார்கள்.

நடுவராகப் போகாதீர்கள். இரண்டையும் பெயர் போட்டு, ஆண்டும் ஊரும் தெரிந்தால் அதையும் போட்டு, அடுத்தடுத்து எழுதி வையுங்கள். “மூத்த சித்தி, கொழும்பு” “சின்னச் சித்தி, நல்லூர்” என்று. இரண்டையும் கலந்து சராசரி எடுத்து ஒரு ‘குடும்ப அளவு’ செய்வதுதான் மோசமான யோசனை. அந்தக் கேக்கை யாருமே சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். சில வீட்டு அளவுகளுக்கு மூலம் அச்சுப் புத்தகம்தான். 1929இல் முதலில் வெளிவந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகத்திலிருந்து ஆங்கிலம் படித்த வீடுகளில் பலர் கையால் படி எடுத்தார்கள். ‘பரம்பரை ரகசியம்’ அச்சில் இருப்பதைக் கண்டால் மனம் சோரத் தேவையில்லை. ஓரத்தில் பென்சிலால் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள், உங்கள் வீடு அந்தப் பென்சிலில்தான் இருக்கிறது.

அம்மம்மாவும் இல்லை, கொப்பியும் இல்லை. 95 இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டது.

பல வீடுகளின் நிலைமை இதுதான். 1995 ஒக்டோபர் இறுதியில் போர் நெருங்கி யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் புறப்பட்டவர்கள் பிள்ளையையும் பத்திரங்களையும் எடுத்தார்கள், கேக் கொப்பியை யார் எடுப்பார்?

அளவைத் தேடாமல் ஆட்களைத் தேடுங்கள். அந்தக் கேக்கைச் சாப்பிட்டவர்களை ஒவ்வொருவராகக் கேளுங்கள். அவர்கள் சமைக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. நிறம் எப்படி, கையில் எண்ணெய் ஒட்டுமா, கஜு பெரிதா சின்னதா, பன்னீர் முதலில் மணக்குமா கடைசியிலா, பிரண்டி போட்டதா. பக்கத்து வீட்டாரையும் மறக்காதீர்கள். ஊரில் ஒரு வீட்டில் கேக் அடித்தால் நான்கு வீட்டுக்குப் போகும், அளவும் கூடவே போகும். உங்கள் அம்மம்மாவின் அளவு இப்போது டொரொன்டோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் யாரோ ஒரு அன்ரியின் அலுமாரியில் இருக்கலாம்.

பிறகு மேலே தந்த தொடக்க அளவைச் சுட்டு, சாப்பிட்டவர்களில் வயதானவரிடம் கொடுங்கள். “இது இல்லை” என்றுதான் முதலில் சொல்வார். “எது இல்லை?” என்று கேளுங்கள். அங்கிருந்து வேலை தொடங்கும்.

மாமி அளவு தருகிறார், ஆனால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத் தருகிறார் என்று சந்தேகம்.

இருக்கலாம். கேக்கால் பெயர் எடுத்த பெண்களுக்கு, வீட்டுக்கு வெளியே தங்கள் பெயர் சொல்ல இருந்த ஒரே விஷயமும் சிலவேளை அதுதான். அதைச் சும்மா தூக்கிக் கொடுக்க மனம் வராது. எனக்கு அதில் பிழை தெரியவில்லை. அளவு கேட்டுப் போகாதீர்கள், உதவிக்குப் போங்கள். தொடர்ந்து இரண்டு கிறிஸ்மஸுக்கு வெங்காயமும் கஜுவும் வெட்டிக் கொடுக்கிற மருமகளிடம் எதையும் ஒளிக்க முடியாது.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் தொடங்குவது?

4, 5 வயதில் முட்டை உடைக்கலாம், ஓடு விழுந்தால் எடுக்கலாம். 8, 9 வயதில் தராசைக் கொடுங்கள், கிராம் வாசிப்பது அவர்களுக்கு விளையாட்டு. கத்தியும் ஓவனும் உங்கள் வீட்டு நிதானத்தைப் பொறுத்தது. ஆனால் பாருங்கள், 13இலிருந்து 20 வரை பலரும் குசினிப் பக்கமே வரமாட்டார்கள். அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். வீட்டை விட்டுப் பல்கலைக்கழகம் போய் முதல் மார்கழியில் தொலைபேசி எடுத்து “அம்மா, அந்தக் கேக்...” என்று கேட்பார்கள். அன்றைக்கு எழுதி வைத்த அளவு கையில் இருக்க வேண்டும்.

ஆண் பிள்ளைகள்? தாராளமாக. வெள்ளைக்கரு அடிக்கிற கைப்பலம் இருக்கிறதே.

பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எழுத்திலா, காணொளியிலா வைப்பது?

இரண்டும் வேண்டும், வேலை வேறு வேறு. காணொளி கையைக் காட்டும்: பிரட்டுகிற விதம், மாவின் தளர்ச்சி, நிறம். அளவைக் காணொளியில் தேடினால் பைத்தியம் பிடிக்கும். அளவை ஒரு பக்கத்தில், பிள்ளைக்குத் தெரிந்த மொழியில், கிராமில் எழுதுங்கள். பழைய கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து மூன்று பேரிடமாவது கொடுத்து வையுங்கள். பட்டர்க் கறை உள்ள பக்கங்களைக் கவனமாக எடுங்கள், அதிகம் செய்த கேக் அவைதான்.

எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று இருக்க வேண்டாம். 20 பேரிடம் அளவு இருந்து ஒருவர்கூடச் சுடாத குடும்பங்கள் உண்டு. யாராவது ஒருவர் ஒவ்வொரு ஆண்டும் சுட வேண்டும். அது யார் என்று வாய்விட்டுப் பேசி முடிவெடுங்கள்.

முட்டை இல்லாமல், பிரண்டி இல்லாமல் செய்யலாமா?

பிரண்டி இல்லாமல் தாராளமாக. தோடம்பழச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ பழத்தை ஒரு இரவு ஊறவைத்தால் போதும். ஆனால் அந்தக் கேக்கை மாதக்கணக்கில் வைக்க முடியாது, குளிர்ப்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் முடியுங்கள். முட்டை இல்லாமல் நல்ல கேக்குகள் நிறைய உண்டு, லவ் கேக் மட்டும் அதில் இல்லை. 10 மஞ்சள்கருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பன்னீர் மணக்கிற ரவைக் கேசரி. கஜு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிற வீட்டில் முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள், பாடசாலைக்குக் கொடுத்துவிடவே வேண்டாம்.

விற்கலாமா?

விற்கலாம். கஜு விலையைக் கணக்குப் பார்த்தால் லாபம் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் இருக்கிற நாட்டின் வீட்டுச் சமையல் விற்பனை விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் இருக்கும்? கனடாவிலிருந்து பிள்ளைக்குத் தபாலில் அனுப்பலாமா?

பிரண்டி பூசிச் சுற்றிய ரிச் கேக் இரண்டு மூன்று மாதம் தாராளமாக இருக்கும், நாள் போகப் போக ருசி கூடும். லவ் கேக் காற்றுப் போகாத பேணியில் ஒரு வாரம், குளிர்ப்பெட்டியில் மூன்று வாரம். தபாலுக்கு ரிச் கேக்தான் ஏற்றது. விரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் முதலில் ஒயில் பேப்பரில், பிறகு செலோபேனில் இறுக்கமாகச் சுற்றித் தகரப் பேணியில் இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். இடைவெளி இருந்தால் கசக்கிய தாளால் நிரப்புங்கள், இல்லாவிட்டால் போய்ச் சேரும்போது தூள்தான். அவுஸ்திரேலியாவுக்கு என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சுங்கப் படிவத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். முட்டை, பால் பொருட்கள் பற்றிய அவர்களுடைய விதிகள் கடுமை, அனுப்ப முன் பார்த்துவிடுங்கள்.